பச்சை பஸ் நிற்கும் இடங்கள்

மே 5, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் பீரோ மேல் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம், இன்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

மிருதுளாவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போயிருந்தோம். உடுமலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சின்னப் பள்ளிக்கூடம். வராந்தாவில் காத்திருந்தபோது வழக்கம்போல ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தேன். பஸ், கல்யாண மண்டபம், பல் டாக்டர் வீடு, எங்கே போனாலும் பையில் ஒரு புத்தகம் இருக்கும். புத்தகத்தில் மூழ்கியவனிடம் யாரும் வந்து "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்பதில்லை. அதற்காக வைத்திருப்பது. சில புத்தகங்களை எத்தனையோ கல்யாணங்களுக்கு எடுத்துப் போயும் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

இதைத் தலைமையாசிரியை விசாலாட்சி மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"சார் நெம்பப் படிப்பீங்களாட்ட இருக்குதுங்க," என்றார் உள்ளே போனதும். "போன வருசம் எல்.கே.ஜி.க்குப் படப் புத்தகம் வேணும்னு கடைக்குச் சொல்லி உட்டோம். கட்டி அனுப்புனதுல பாதி கலர் அடிக்கிற புக்கு. இந்த வருசம் படிக்கிற பேரண்ட்டு ஒருத்தரே நேர்ல போய்ப் பொறுக்கிட்டு வரட்டும்னு நெனச்சேன். ஜூன்ல ஒரு வெள்ளிக்கிழமை, பொறுக்குனவங்களே வந்து கொழந்தைங்களுக்கு ஒரு புக்கு வாசிச்சும் காட்டோணும்."

'பரவாயில்லைங்க, வேற யாரையாவது பாருங்க' என்று சொல்ல நினைத்தேன். 'ப' வந்து உதட்டில் நின்றுகொண்டது. மேடம் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தார். எனக்காக அவரே முடித்துவைத்தார்.

"பண்ணிடறேங்கறீங்க. சந்தோசமுங்க சார்."

என் மனைவி ரேணுகா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜை மேலிருந்த உலக உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி இடங்களில் எனக்காக அவள்தான் பேசுவாள். இன்று ஏனோ பேசவில்லை.

இங்கே எழுதும்போது ப, க, த எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வரிசையாக வருகின்றன. வாயில்தான் வம்பு. என் பெயரே 'த'வில் ஆரம்பிக்கிறது. தண்டபாணி. பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

மே 7, புதன்

காப்பி குடிக்க வேண்டும்போல் இருந்தது. டீ கேட்டுக் குடித்தேன்.

மே 11, ஞாயிறு

கோயமுத்தூர் போய்ப் புத்தகம் பொறுக்கிக்கொண்டு வந்தாயிற்று. மிருதுளாவும் கூட வந்தாள்.

பெரிய கடை. குழந்தைப் புத்தகங்கள் மாடியில். எடுத்துக் கொடுக்க ஒரு பெண் வந்து நின்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, முதல் பக்கத்தை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் பக்கம் சரியாக இருந்தால் பெட்டிக்குள், இல்லாவிட்டால் அலமாரிக்கு. புத்தகம் பொறுக்க இது நல்ல முறைதான். முதல் பக்கம் நன்றாக இல்லாத கதை மேலே எப்படிப் போகும்?

'பூனைக்குப் பிறந்தநாள்' வேண்டாம், தாள் மெல்லிசு. 'குரங்கு வாங்கிய குடை' வேண்டாம், படத்தின் வண்ணம் கண்ணை உறுத்துகிறது. 'தவளைக்குத் தாகம்' கதை பத்தாது. 'மழை நேற்று வந்தது' மிக நல்ல புத்தகம். 'யானை எங்கே ஒளிந்தது', 'நண்டு வீடு', 'அணிலுக்கு ஒரு ஊஞ்சல்' எல்லாம் நல்லவை. எழுத்தே இல்லாமல் வெறும் படமாகப் போகிற புத்தகங்கள் சில இருந்தன. அவை மிகச் சிறந்தவை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன்.

பில் போடும் இடத்தில் பார்த்தால் நான் எடுக்காத ஒன்று பெட்டிக்குள் இருந்தது. 'பச்சை பஸ்.' மிருதுளா போட்டிருக்கிறாள். எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி உள்ளே வைத்தாள். பில் போடுகிறவர் சிரித்தார். கூட்டம் நின்றது. அங்கே நின்று அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மே 12, திங்கள்

ரேணுகா புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல ஒரு பூனை கூட இல்லீங்க. குரங்கு, கோழி, காக்கா, கிளி ஒண்ணையும் காணோம். கொழந்தைங்க புக்குல பூனை இல்லாம இருக்குமுங்களா?"

தாள் மெல்லிசு என்றேன்.

"எல்லாப் பூனைக்குமா?"

பாயிலிருந்த புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தேன். மிருதுளாவுக்குப் பெயர் வைத்தபோதும் இப்படித்தான் கேட்டாள். அவள் வீட்டில் பவதாரிணி என்றார்கள், எங்கள் வீட்டில் கீர்த்தனா என்றார்கள். நான் ஒரே பிடியாக மிருதுளா என்றேன். எண் கணிதம் என்று காரணம் சொன்னேன். எனக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி என் பிள்ளையை என்னால் கூப்பிட முடிகிறது. அது போதும்.

மே 15, வியாழன்

சாயங்காலமானால் பச்சை பஸ் படிக்க வேண்டும் என்று அடம். மற்ற புத்தகம் எதைக் காட்டினாலும் தள்ளிவிடுகிறாள்.

யாரோ கொழுப்பெடுத்தவர் எழுதிய புத்தகம். ஒரு பஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஹார்ன் வரவில்லை. வழியில் பசு படுத்திருக்கிறது, கோழி குறுக்கே போகிறது, கழுதை அசையாமல் நிற்கிறது. பஸ் ஒவ்வொரு இடத்திலும் நின்று காத்திருந்து, பொழுது சாயும்போது ஊர் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான் கதை. 'பச்சை பஸ் புறப்பட்டது. பாதையில் பசு படுத்திருந்தது.' ஒரு வரியில் இத்தனை 'ப' எதற்கு? வேறு எழுத்தே கிடைக்கவில்லையா இவருக்கு?

படித்தேன். எப்படிப் படித்திருப்பேன் என்று எழுத வேண்டியதில்லை. மிருதுளா என் மடியில் உட்கார்ந்து, என் வாயைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நிம்மதி. ஆனால் நடுநடுவே "ரைட்" என்கிறாள். கதையில் 'ரைட்' என்ற சொல்லே கிடையாது. நான் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டி முடித்து மூச்சு விடும்போதெல்லாம் "போலாம் ரைட்" என்று பக்கத்தை இரண்டு தட்டு தட்டுகிறாள். கோயமுத்தூர் போனபோது கண்டக்டரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. படிக்க விடாமல் தொந்தரவு.

மே 18, ஞாயிறு

இன்றும் பச்சை பஸ். "பாதையில்" என்ற இடத்தில் நான் நின்றபோது அவளுடைய மரப்பாச்சியையும் பிளாஸ்டிக் டம்ளரையும் என் முழங்காலில் ஏற்றி வைத்தாள். "இவங்கல்லாம் ஏறிட்டாங்கப்பா." விளையாட்டு முற்றிப் போயிற்று. கதையில் கவனமே இல்லை அவளுக்கு.

மே 21, புதன்

லீவு போட்டுவிட்டு மறுபடியும் கோயமுத்தூர் போனேன். எழுத்தில்லாத புத்தகங்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டு வேறு எடுத்து வந்தேன். 'இதில் என்ன வாசிப்பீங்க சார்?' என்று மேடம் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். வந்த பிறகு, வேறு எடுத்ததும் சரியில்லை என்று தோன்றியது. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். ரேணுகா விளக்கேற்ற வந்தவள், "சித்த நேரம் ஒரு எடத்துல உக்காருங்க, எனக்குத் தல சுத்துது," என்றாள்.

மே 28, புதன்

எக்ஸ்ரே அறையில் ஒத்திகை.

ஸ்கேன் சென்டரில் எனக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க, விடுங்க." இந்த மூன்றையும் என்னைப்போல் தடங்கலில்லாமல் சொல்கிறவன் இந்த ஊரில் கிடையாது. நாள் முழுக்கச் சொல்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. இதற்கு மேல் நோயாளி ஏதாவது கேட்டால்தான் ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டர் அறைப் பக்கம் கையை நீட்டிவிடுவேன்.

மத்தியானம் ஆள் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு 'மழை நேற்று வந்தது' முழுவதும் படித்தேன். ஈயத் தகடு அடித்த கதவு, சத்தம் வெளியே போகாது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தைரியம் வந்து பச்சை பஸ்ஸைக்கூட மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். மளமளவென்று வந்தது. தனியாக இருக்கும்போது எனக்கு ஒரு குறையும் கிடையாது. கேட்க ஆள் வந்தால்தான் கோளாறு. எனக்குக் கோளாறா, கேட்கிறவர்களுக்குக் கோளாறா என்று யாராவது ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கேட்டுக்குள் அத்தனை பிள்ளைகளும் அழுதன. மிருதுளா அழவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். நான்தான் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "சார், டூட்டிக்கு நேரமாகலீங்களா?" என்றார். ஆகியிருந்தது.

ஜூன் 6, வெள்ளி

புத்தகப் பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் பச்சை பஸ்ஸை எடுத்து வீட்டில் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். மிருதுளா அதைக் கண்டுபிடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எல்.கே.ஜி. டீச்சர் ஜெசிந்தா மிஸ் நல்ல மாதிரி. "பீரோவுல வெச்சுப் பூட்டறதில்ல சார். பாயில போட்டு வெச்சிடுவேன். கிழிஞ்சா ஒட்டிக்கலாம்," என்றார். வெள்ளிக்கிழமை வாசிப்பு இருபதாம் தேதியாம். தலையாட்டினேன்.

"இவ கிளாஸ்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்கறா சார். வீட்டுல எப்படி?"

வீட்டில் வாய் ஓயாது என்று சொல்ல நினைத்தேன். நன்றாகப் பேசுவாள் என்பதைக் கையால் காட்டினேன்.

ஜூன் 11, புதன்

ஜெசிந்தா மிஸ் வரச் சொல்லியிருந்தார். ரேணுகாவுக்குத் தையல் வகுப்பு, நான் மட்டும் போனேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மிருதுளா இன்னும் யாருகிட்டயும் பேசல. பாத்ரூம் போகணும்னாக்கூட விரலைத்தான் காட்டறா. ஆனா அந்தப் பச்சை பஸ் புக்கு கையில கெடச்சா மட்டும் நாலு பசங்கள உக்கார வெச்சுப் படிக்கிறா. சந்தோசமாப் போய்க் காது குடுத்துக் கேட்டேன்." மிஸ் தயங்கினார். "ப... ப... ப...ன்னு நின்னு போயிடறா சார். ஒரு எடத்துல இல்ல, நெறைய எடத்துல. சின்ன வயசுலயே பாத்துட்டா நல்லதுன்னு சொல்லுவாங்க. வீட்டுல யாருக்காவது திக்குவாய் இருக்குங்களா?"

அந்த வார்த்தையை இந்த டைரியில் நான் இதுவரை எழுதவில்லை. மிஸ் சொன்னதால் எழுதுகிறேன். திக்குவாய்.

'எனக்குத்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'எ'வில் ஆரம்பிக்கிற வார்த்தை. எனக்குச் சுலபமாக வரும். சொல்லவில்லை. இல்லை என்று தலையாட்டிவிட்டு, மிஸ் எழுதிக் கொடுத்த கோயமுத்தூர் பேச்சுப் பயிற்சி டாக்டரின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு வந்துவிட்டது. என் மடியில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

இன்று வீட்டில் பேசவில்லை. தொண்டை சரியில்லை.

ஜூன் 13, வெள்ளி

தொண்டை சரியில்லை. ரேணுகா மிளகுப் பால் வைத்துக் கொடுத்தாள். மிஸ் கொடுத்த நம்பருக்குப் பேசி, மிருதுளாவைக் காட்ட இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாளாம்.

மிருதுளா பேசுவதையே கவனித்துக்கொண்டிருந்தேன். "அ... அம்மா, எனக்கு இட்லி வேண்டாம்" என்றாள். அந்த 'அ' எதற்கு இரண்டு தடவை வந்தது? தண்ணீர் கேட்கும்போது ஒரு நிறுத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடும்போது ஒரு நிறுத்தம். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பேசும் என்கிறாள் ரேணுகா. இருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் நான் அப்பா இல்லை.

ஜூன் 14, சனி

சாயங்காலம் மிருதுளா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பச்சை பஸ்ஸோடு வந்து மடியில் ஏறினாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"பஸ்ஸுக்கு மாதிரியே தொண்ட கட்டிக்கிச்சாப்பா?" என்றாள்.

இறக்கி விட்டேன். அவள் ஜன்னலோரம் போய்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தாள். "ப... ப... ப..." காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். காய்ந்த துணியையெல்லாம் மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ரேணுகா மேலே வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மெதுவாகும்.

"மூணு நாளா வீட்டுல நீங்க வாய் தொறக்கல. தொண்டைல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்க பேச்சு அவளுக்கு ஒட்டிக்கும்னு பயம். அப்படித்தானுங்க?"

நான் ஒரு சட்டையை மடித்தேன்.

"நீங்க பேசாம இருந்தா அவ எதக் கத்துக்குவா தெரியுங்களா? பேசாம இருக்கறதத்தான். பள்ளிக்கூடத்துல விரலக் காட்டறாளாமே, அத அவ யாருகிட்டப் பாத்தா?"

ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. பொண்ணு பார்க்கப் போன அன்று நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் வீட்டில் 'மாப்ள நெம்ப கம்பீரம்' என்று பேசிக்கொண்டார்களாம். அவளுக்கு மட்டும் அன்றே தெரிந்துவிட்டதாம். தெரிந்துதான் சரி என்றேன் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

துணியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளிக்கிழமை எனக்குப் பதிலாக நீ போய் வாசித்துவிட்டு வா என்று ரேணுகாவிடம் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. 'மழை நேற்று வந்தது' புத்தகத்தை அவள் தையல் மிஷின் மேல் வைத்தேன்.

"நான் எத்தன எடத்துல உங்களுக்காகப் பேசியிருக்கேன். கரண்ட் ஆபீசு, பேங்கு, உங்க சொந்தக்காரங்க வீட்டு விசேசம். ஒரு நாளும் சடச்சுக்கல," என்றாள். "இதுக்கு மட்டும் நான் போக மாட்டனுங்க."

புத்தகம் மறுபடி என் தலையணை மேல் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

எக்ஸ்ரே அறையில் மழை வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்திலும் தடங்கவில்லை. நாளைக்கு ஜுரம் வந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

ஜுரம் வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு குட்டி நாற்காலி. முழங்கால் தாடையை இடித்தது. மிருதுளா இரண்டாவது வரிசை. என்னைத் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தாள். விசாலாட்சி மேடம் எட்டிப் பார்த்து, "சார் நமக்காகத் தேடித் தேடிப் பொறுக்கிட்டு வந்திருக்கார்" என்று சொல்லிவிட்டு நல்லவேளையாகப் போய்விட்டார். ஜெசிந்தா மிஸ் சுவரோரம் நின்றார்.

மழைப் புத்தகத்தை எடுத்தேன். முன்வரிசையில் ஒரு பையன், "பஸ் புக்கு," என்றான். பக்கத்துப் பெண்ணும் "பஸ் புக்கு," என்றாள். அவ்வளவுதான், பாய் முழுக்க "பஸ் புக்கு, பஸ் புக்கு." பெட்டி நிறைய நான் தேடிப் பொறுக்கிய யானை, நண்டு, அணில் எதையும் ஒரு பிள்ளையும் சீண்டவில்லை. மிஸ் சிரித்துக்கொண்டே பாயிலிருந்து பச்சை பஸ்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார். முனையெல்லாம் மழுங்கி, நடுவே டேப் ஒட்டி, ஆளே மாறியிருந்தது புத்தகம்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். 'மா' எனக்கு வரும். ஆனால் மிருதுளா முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிரித்தேன்.

"ப..."

உதடு ஒட்டிக்கொண்டது. தள்ளினேன். கழுத்து நரம்பு இழுத்தது. கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடினாலும் தெரியும், இந்நேரம் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெசிந்தா மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டிருக்கும். போன வாரம் நான் தலையாட்டியது பொய் என்று புரிந்துவிட்டிருக்கும். கண்ணைத் திறந்தபோது அவர் எனக்காக 'பச்சை' என்று சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்க சொல்லக் கூடாது."

மிருதுளா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் மிஸ்ஸிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு தெரிந்தது.

"இங்க ஸ்டாப்பிங், மிஸ். பஸ் நிக்குது. ஆளுங்க ஏறோணும்."

பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. வாயை யாருமே பார்க்கவில்லை. எல்லாம் பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு நகர்வு நகர்ந்து முன்னால் வந்தன. ஒருத்தி மடியில் தண்ணீர் பாட்டிலை ஏற்றிக்கொண்டாள். முன்வரிசைப் பையன் உள்ளங்கையிலிருந்து கிழிப்பதுபோலக் கிழித்துக் கிழித்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தான். யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை. அத்தனை பேரும் ஏறி முடிக்க நேரமாயிற்று. அந்த நேரத்தில் என் உதடு தளர்ந்தது.

"பச்சை பஸ் புறப்பட்டது."

"போலாம் ரைட்," என்றது வகுப்பு முழுவதும். பாயை இரண்டு தட்டு.

நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிருதுளா எனக்காகச் செய்த உபகாரம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உபகாரம் ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகம் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பஸ் என்றால் நிற்கும், நிற்கிற இடத்தில் அப்பா நிற்பார், அதுவரை ஆள் ஏறும். 'ப... ப...' என்று நிற்காமல் படித்தால் அவளைப் பொறுத்தவரை அது தப்பாகப் படிப்பது. மிஸ் காது கொடுத்துக் கேட்டது அவள் போட்ட அந்த ஸ்டாப்பிங்கைத்தான். நான் மொட்டை மாடிக்கு ஓடியதும் அதைக் கேட்டுத்தான்.

மேலே படித்தேன். பசுவிடம் நின்றேன், ஏறினார்கள். கோழியிடம் நின்றேன், ஏறினார்கள். கழுதை வருகிற பக்கத்தில் என்ன ஆயிற்றோ, "கழுதை குறுக்கே நின்றது" என்று முழுவதும் தடங்காமல் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்பா," என்றாள் மிருதுளா. குரலில் கண்டிப்பு. "அங்க ஸ்டாப்பிங் இருக்குது. நிக்காமப் போயிட்டீங்க. ஆளுங்கல்லாம் நின்னுட்டிருக்காங்க பாருங்க."

முன்வரிசையில் ஒரு பெண் நிஜமாகவே ஏறுவதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போனேன். "க... க... க..." என்று நின்றேன். என் ஆயுளில் முதல் தடவையாக, வேண்டுமென்றே. அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். ரைட் கொடுத்தார்கள். போனேன்.

பஸ் பொழுதோடு ஊர் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. "இன்னொருக்கா," என்றான் டிக்கெட் கொடுத்த பையன்.

வெளியே வந்தபோது ஜெசிந்தா மிஸ் கூடவே வந்தார். கண் கலங்கியிருந்தது. "சார், அப்படின்னா அவ நீங்க படிக்கற மாதிரியே..."

"எனக்குத்தாங்க மிஸ்," என்றேன். "அவளுக்கு இல்ல. போன வாரமே சொல்லியிருக்கணும்."

இவ்வளவும் ஒரே மூச்சில் வரவில்லை. மிஸ் நடுவில் முடித்துவைக்கவில்லை. நின்று கேட்டார்.

வீட்டில் ரேணுகாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ கிளறினாள். பாத்திரத்தில் ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு மேடம் ரூம்புல நான் வேணும்னுதான் பேசாம இருந்தனுங்க," என்றாள். "நம்ம புள்ள எத்தன வருசம் உங்களப் புத்தகத்துக்குப் பின்னாடியே பாக்கறதுன்னு இருந்துச்சு. அப்புறம் பாதி நாள், ஏன்டா அப்படிப் பண்ணுனோம்னு வெசனப்பட்டுட்டுத்தான் இருந்தேன்."

ஜூன் 21, சனி

கோயமுத்தூர் டாக்டரிடம் போக வேண்டாம் என்று போன் பண்ணப் போனாள் ரேணுகா. வேண்டாம் என்றேன். நேரம் வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், மிருதுளாவுக்குப் பதில் நான் காட்டிக்கொள்கிறேன். வாயை மாற்றிக்கொண்டு வருகிற எண்ணமில்லை. அங்கே போய்ப் பெயர் கேட்பார்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நானே சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். மிருதுளா தானும் வருவேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். பார்த்ததுமே கிளாஸைக் கழுவினார்.

"கா..." என்றேன். நின்றுவிட்டது.

"டீதானுங்க சார்?" என்று பாத்திரத்தைத் தூக்கினார்.

இல்லை என்று கையைக் காட்டினேன். மறுபடி "கா..." பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கடைக்காரர் என் வாயைப் பார்த்தார். மிருதுளா மேடையை எட்டிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இருங்கண்ணா. ஆளுங்க ஏறிட்டிருக்காங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

காப்பி வந்தது. சிக்கரி அதிகம், சர்க்கரையும் அதிகம். முழுவதும் குடித்தேன்.